முனிரத்தினமும் பலரும், 2011

சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு எதிரே
நோட்டரி வக்கீல் மேசை விசிறியை
என் பக்கம் திருப்பிவிட்டுக் கேட்கிறார்:
"யாரும்மா இந்த முனிரத்தினம்?"

பதவி உயர்வுக் கோப்பும்
இதே கேள்வியோடுதான் திரும்பி வந்தது.
இருபத்தேழு கட்டுரைகள் என்று எழுதியிருக்கிறீர்கள்;
உங்கள் பெயரில் ஒன்றும் கிடைக்கவில்லை.
எல்லாம் வேறொருவருடையவை.
விளக்கம் தேவை.

வேறொருவர்
மண்டித் தெருவில் வெல்ல மூட்டை இறக்கியவர்.
ஐந்தாம் வகுப்பு.
நாலு கோட்டின்மேல் ஒரு குறுக்குக்கோடு, ஐந்து மூட்டை
என்று கரித்துண்டால் சுவரில் கணக்கு வைத்தவர்.
சாயங்காலம் முதலாளியின் நோட்டோடு
அந்தச் சுவரைச் சண்டைக்கு விட்டவர்.

பள்ளிக்கூடத்தில் அவர்
என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து.
மு. கனகவல்லி.
முதல் கட்டுரையை அனுப்பிய ராத்திரி
குடும்பப் பெயர் என்ற கட்டம்
காலியாக விட்டால் நகரமாட்டேன் என்றது.
அப்பாவை அதில் உட்காரவைத்தேன்.
அன்றிலிருந்து
அவருக்குப் பின்னால் நான் ஓர் எழுத்து.
முனிரத்தினம் கே.

மொத்தம் அறுநூற்றுப் பதினாலு மேற்கோள்.
அதில் முந்நூற்று எழுபது
2011இல் வந்த ஒரே கட்டுரைக்கு.
பேதி கண்ட குழந்தைகளின் குடலில்
மருந்தை வெளியே துப்பிவிடும் கிருமி;
அதன் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால்
போதும் என்று எழுதியிருந்தோம்.
போதாதாம்.
ஹெல்சிங்கியில் ஒருவர் நிரூபித்துவிட்டார்.
அதற்கப்புறம்தான் நாங்கள் பிரபலமானோம்.
"முனிரத்தினத்தின் முடிவுக்கு மாறாக"
என்று தொடங்காதவர் அந்தத் துறையில் அபூர்வம்.

அப்பாவுக்கு ஒருமுறை படித்துக் காட்டினேன்.
பல்செட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:
"நான் இன்னா பண்ணேன் அவனுக்கு?"
கொஞ்ச நேரம் கழித்து,
"எத்தினி பேர் இந்த மாதிரி சொல்லிக்கீறான்?"
முந்நூறு என்றேன்.
அன்றைக்கு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்.

திட்டினாலும் ஒன்று, புகழ்ந்தாலும் ஒன்று.
மூட்டைக்குள் என்ன என்று
கரிக்கோடு எப்போது கேட்டது?

பலரும் என்பதற்குள் தில்ஷாத் இருக்கிறாள்.
கல்யாணப் பத்திரிகையில் இடம் போதாதபோது போடுகிற சொல்.
விடியற்காலை ஐந்துக்குக் கஸ்பா சந்துகளில் கதவு தட்டி
தூக்கம் கலையாத அம்மாக்களிடம்
இருநூற்றுப் பன்னிரண்டு டப்பா மலம்
கேட்டு வாங்கி வந்தவள்.
அக்கினி நட்சத்திரத்தில் கரண்ட் போனபோது
ஐஸ் ஃபாக்டரியிலிருந்து கோணியில் கட்டிச் சுமந்துவந்து
டப்பாக்களின் மேல் கொட்டியவள்.
இப்போது ஆம்பூரில் ஷூ கம்பெனியில்
தையல் சரிபார்க்கிறாள்.

அவளும் நானுமாக இன்னொன்று எழுதினோம்.
நாலே பக்கம்.
ஐஸ் இல்லாமல் மாதிரியை ஆறு மணி நேரம் காப்பது எப்படி.
மேற்கோள் பூஜ்யம்.
அந்தப் பத்திரிகையையே மூடிவிட்டார்கள்.
போன மாதம் குடியாத்தம் ஆஸ்பத்திரியில்
பயிற்சிக்கு வந்த ஒரு பெண்
சட்டியில் ஆற்று மணலைக் கொட்டி, நனைத்து,
குழாய்களைக் கழுத்துவரை புதைத்துக்கொண்டிருந்தாள்.
யார் சொல்லிக்கொடுத்தது?
"இங்க எல்லாரும் இப்படித்தான் மேடம் வைப்போம்."

வக்கீல் தட்டச்சுக்குச் சொல்லிக்கொண்டே போகிறார்:
மேற்படி முனிரத்தினம் என்பவரும்
மனுதாரராகிய கனகவல்லியும்
ஒருவரே என்று இதனால் உறுதி...
நிறுத்தி நிமிர்கிறார்.
"அப்பா இருக்காரா?"
தையில் போய்விட்டார்.
"அய்யோ. செத்தவரும் நீங்களும் ஒருத்தர்னு போட்டா
சிக்கலாயிடும்மா."

பெயர் மட்டும்தான் சார் ஒன்று.
பெயர் மட்டும் என்று போடுங்கள்.

அப்படியே போட்டார்.
இடம் வேலூர். முத்திரை. கையெழுத்து.
வெளியே வெயில் நாற்பத்திரண்டு.
எத்தனை காப்பி அக்கா என்கிறான்
ஜெராக்ஸ் கடைப் பையன்.

ஐந்து.